கிரியேட்டினின் இறங்கியிருக்கிறது, சிறுநீரகம் குணமாகிவிட்டதா?

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 28 வயதுப் பெண் ஒருவர் எழுதியுள்ள கடிதம் இது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தொண்டை வலியும் காய்ச்சலும் வந்த மறுநாள் சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் போயிருக்கிறது. சிறுநீரகத் திசுவைத் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்து பார்த்ததில் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்று தெரிந்தது. அதுமுதல் டெல்மிசார்ட்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். கிரியேட்டினின் 1.4 அளவிலேயே நின்றது. எதிர்பாராமல் கர்ப்பமானது ஆறாவது வாரத்தில் தெரிந்ததும், பயந்துபோய் யாரையும் கேட்காமல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். இப்போது பத்தாவது வாரம். புதிய பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2, ஹீமோகுளோபின் 10.2, மாத்திரை இல்லாமலேயே ரத்த அழுத்தம் 126/82. சிறுநீரில் போகும் புரதம் மட்டும் நாளொன்றுக்கு 0.8 கிராமிலிருந்து 1.1 கிராமாகக் கூடியிருக்கிறது.

"புள்ள வந்த நேரம், உப்பே எறங்கிப் போச்சு கண்ணு" என்று மாமியார் மகிழ்ந்து, சிறுபீளைக் கசாயம் வைத்துக் கொடுக்கிறார். உள்ளூர் மருத்துவர் ஒருவர், "உடனே கலைத்துவிடுங்கள், உயிருக்கே ஆபத்து" என்கிறார். கணவர், "நீ சொல்றபடி செஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். நோய் குணமாகிவிட்டதா, கருவைக் கலைக்கத்தான் வேண்டுமா, முன்பு சாப்பிட்ட மாத்திரை குழந்தையைக் கெடுத்திருக்குமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, தள்ளிப்போட முடியாத இரண்டு செய்திகளை, கசாயத்தை நிறுத்துவதையும் இந்த வாரத்திலேயே சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதையும், தனியே எழுதி அனுப்பினேன். மற்றவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் என்ன செய்கிறது என்பது விளங்கினால்தான் கையில் இருக்கும் அறிக்கையைச் சரியாகப் படிக்க முடியும். அறிக்கையைச் சரியாகப் படித்தால்தான் முடிவும் சரியாக அமையும்.

முதலில், மூன்று உப்புகள்

நம் ஊரில் சிறுநீரகம் பற்றிய பேச்செல்லாம் 'உப்பு' என்ற ஒரே சொல்லில் நடக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடினாலும் உப்பு என்கிறோம், சிறுநீரில் ஆல்புமின் போனாலும் உப்பு என்கிறோம், சோற்றில் போடுவதும் உப்புத்தான். இவை மூன்றும் வேறு வேறு. கிரியேட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வடிகட்டி வெளியேற்றுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆல்புமின் உடம்புக்கு வேண்டிய புரதம். வடிகட்டியின் சல்லடை பழுதானால்தான் அது சிறுநீரில் ஒழுகும். சாப்பாட்டு உப்பு ரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டுவது. உங்கள் வீட்டில் 'உப்பு இறங்கிவிட்டது' என்று மகிழ்ந்தது முதலாவதைப் பார்த்து. அதே அறிக்கையின் அடுத்த வரியில் இரண்டாவது உப்பு ஏறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கர்ப்பம் சிறுநீரகத்திடம் கேட்பது என்ன

நலமான ஒரு பெண் கருவுற்ற சில வாரங்களிலேயே உடம்பெங்கும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரிலாக்சின் முதலான ஹார்மோன்கள் இதைச் செய்கின்றன. உடம்பில் உப்பும் நீரும் கூடுதலாகத் தேக்கப்படுவதால், ரத்தத்தின் நீர்ப்பகுதி படிப்படியாக 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் மிகுதியாகி, அது வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடுகிறது. சிறுநீரகமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. இப்படி விரைந்து வடிகட்டுவதால், சாதாரண நாளில் 0.7 அல்லது 0.8 ஆக இருக்கும் கிரியேட்டினின், கர்ப்பத்தின் நடுவில் 0.5 அளவுக்கு இறங்கிவிடும். எனவே கர்ப்பிணியின் கிரியேட்டினின் 0.9 என்று வந்தாலே மருத்துவர்களாகிய நாங்கள் நெற்றியைச் சுருக்குவோம். ஆனால் பரிசோதனைக் கூடங்கள் ஆணுக்கோ கர்ப்பமில்லாத பெண்ணுக்கோ உரிய பழைய எல்லையைத்தான் கர்ப்பிணியின் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்கின்றன. '1.2 வரை நார்மல்' என்ற அந்த வரியை நம்பிக் காலம் தாழ்த்தி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்துக்கென்று தனி எல்லையை அச்சிட்டால் எத்தனையோ குடும்பங்கள் முன்னதாக விழித்துக்கொள்ளும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆர்டர் வந்தால், பகலில் மட்டும் ஓடும் தறிகளை இரவிலும் ஓட்டிச் சமாளிக்கலாம். ஆனால் பாதித் தறிகள் பழுதாகி, மிச்சமிருப்பவை முன்பே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தால், புதிய ஆர்டருக்கு எங்கே போவது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. உங்களுக்கு நோய் அவற்றில் ஒரு பகுதியைத் தழும்பாக்கிவிட்டது. எஞ்சியவை தம் பங்கோடு அழிந்தவற்றின் பங்கையும் சேர்த்து, அதிக அழுத்தத்தில் வேலை செய்கின்றன. கர்ப்பம் அவற்றிடம் இன்னும் கேட்கிறது. எவ்வளவு கொடுக்க முடியும் என்பது எஞ்சியவற்றின் இருப்பைப் பொறுத்தது.

உங்கள் கிரியேட்டினின் 1.4இலிருந்து 1.2க்கு இறங்கியது, சிறுநீரகம் ஓரளவுக்கு ஈடுகொடுக்கிறது என்பதற்கு அடையாளம். இது நல்ல செய்தியே. இறங்காமலே நிற்பவர்களுக்குத்தான் தாய்க்கும் குழந்தைக்கும் சிக்கல்கள் அதிகம் வருகின்றன. ஆனால் நோய் குணமானதற்கு இது சான்றாகாது. தழும்பான வடிகட்டிகள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. மிச்சமிருப்பவை இன்னும் கடுமையாக உழைப்பதால் வந்த இறக்கம் இது. உங்கள் அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் வேகம், 52இலிருந்து 63 ஆகி, நோய் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. கர்ப்பம் முடியும்வரை அந்த எண்ணை மறந்துவிட்டு, கிரியேட்டினினை மட்டும் வரிசையாகக் குறித்து வையுங்கள். உங்களைப் பொறுத்தவரை, 20ஆம் வாரத்தில் அது மீண்டும் 1.4க்குப் போனால், 'பழைய அளவுதானே' என்று இருந்துவிடக் கூடாது. இறங்கியிருக்க வேண்டிய காலத்தில் பழைய இடத்துக்குத் திரும்புவதே ஓர் எச்சரிக்கை.

ரத்த அழுத்தத்துக்கும் இதே விளக்கந்தான். ரத்தக் குழாய்கள் தளர்வதால் கர்ப்பத்தின் முதற்பாதியில் அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்து, ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு பழைய நிலையை நோக்கி ஏறும். உங்கள் 126/82 இந்தத் தாழ்வின் நிழலில் நிற்கும் அளவாக இருக்கலாம். நோயுற்ற சிறுநீரகம் உள்ளவர்களுக்கு ரத்தக் குழாயின் உட்சுவர் முன்பே நலிந்திருப்பதால், தளர்ச்சி முழுமையாக நிகழாமல் போவதும் உண்டு. ஏழாம் மாதத்தில் இந்த அளவு எங்கே நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவிட முடியாது.

ஹீமோகுளோபினைக் குடும்பத்தில் யாரும் பேசவில்லை என்று தெரிகிறது. சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும்போது, சிவப்பணுக்களும் ஓரளவேனும் பெருகி ஈடுசெய்ய வேண்டும். உங்கள் சிறுநீரகத்தால் அந்த ஹார்மோனைப் போதிய அளவு தர முடியாமல் போகலாம். பத்தாவது வாரத்திலேயே 11க்குக் கீழே இருப்பது, இனி இன்னும் இறங்கலாம் என்பதைக் காட்டுகிறது. முதலில் இரும்புச் சத்தின் இருப்பைப் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை போதாவிட்டால் நரம்பு வழியே இரும்பு ஏற்றலாம். அதுவும் போதாவிட்டால் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடலாம். அந்த ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை.

புரதம் கூடியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வடிகட்டும் வேகம் கூடியது ஒன்று, புரத ஒழுக்கைக் குறைத்துவந்த டெல்மிசார்ட்டனை நிறுத்தியது மற்றொன்று. எனவே இந்த ஒரே எண்ணை வைத்து நோய் சீறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாத்திரையும் கசாயமும்

டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரை வற்றச் செய்யும். நீங்கள் ஆறாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். அந்த அளவுக்குச் சாப்பிட்டதற்காக ஒரு கருவைக் கலைக்க வேண்டியதில்லை. 18 முதல் 20 வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளையும் நீரின் அளவையும் பார்த்துக்கொள்ளலாம். இரவெல்லாம் தூங்காமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள்; அதற்குக் காரணமே இல்லை. யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்தியதுதான் தவறு. அதை இப்போதும் சரிசெய்யலாம். அழுத்தம் ஏறினால் லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருபவை.

சிறுபீளை, பொங்கலுக்கு ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து நாம் காப்புக் கட்டும் பூளைதான். கல்லடைப்புக்கு அதைக் கசாயமாகக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உங்களுக்கு இருப்பது கல் அல்ல. உடம்பின் எதிர்ப்பாற்றலில் வந்த கோளாற்றால் வடிகட்டிகளில் ஐஜிஏ என்ற புரதம் படிந்து உண்டாகும் அழற்சி அது. நீரைக் கூடுதலாக வெளியேற்றுவதால் அந்த அழற்சிக்கு எந்த நன்மையும் இல்லை. கர்ப்பத்தோடு சிறுநீரக நோயும் உள்ள ஒருவருக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்கப்படாத எந்தக் கசாயமும் லேகியமும் வேண்டாம். மாமியார் அன்பினால் செய்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். உடம்பு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் கூடாது. பாரசிட்டமால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கிட்னிக்கு ஆகாது' என்று பருப்பையும் முட்டையையும் ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்கக் கூடாது. அரிசிம்பருப்புச் சாதமும் பச்சைப்பயறும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். குறைக்க வேண்டியது மூன்றாவது உப்பைத்தான்: ஊறுகாய், அப்பளம், வத்தல், கடைப் பலகாரம். இளநீரும் பழமும் வேண்டாம் என்பது ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் மட்டுமே பொருந்தும்.

கருவைத் தொடர்வதா

இதுதான் உங்கள் கடிதத்தின் மையம். 'ஒன்றும் ஆகாது' என்பதும் 'உயிர் போய்விடும்' என்பதும் இரண்டுமே உண்மையைச் சுருக்கிவிடுகின்றன.

1996இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, கிரியேட்டினின் 1.4 அல்லது அதற்கு மேல் இருந்த 67 பெண்களின் 82 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்தது. குழந்தைகளில் 93 சதவீதம் பிழைத்தன. ஆனால் 59 சதவீதம் குறைமாதப் பிரசவங்கள். 37 சதவீதக் குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றியிருந்தது. தாய்மார்களைப் பார்த்தால், 43 சதவீதக் கர்ப்பங்களில் சிறுநீரகத்தின் திறன் மேலும் குறைந்தது. கிரியேட்டினின் 2.0ஐத் தாண்டியவர்களுக்கே பெரும் சரிவு வந்தது. இது பழைய ஆய்வு. இன்று குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் திறன் வளர்ந்திருக்கிறது. ஆயினும் ஆபத்தின் வடிவம் மாறவில்லை. நீங்கள் அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட எல்லையின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். 1.4 என்ற தொடக்க அளவும், கட்டுக்குள் உள்ள அழுத்தமும், இப்போது வந்துள்ள இறக்கமும் உங்களுக்குச் சாதகம். ஒரு கிராமைத் தாண்டிய புரதமும் ரத்தசோகையும் பாதகம்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நெருக்கமான கண்காணிப்புக்கு உங்களால் வந்துபோக முடியுமென்றால், இந்தக் கர்ப்பத்தைத் தொடர்வது நியாயமான முடிவு என்று நினைக்கிறேன். சிறுநீரகத்தின் திறனில் ஒரு பகுதியை இழக்க நேரலாம், டயாலிசிஸ் வேண்டிய காலம் சில ஆண்டுகள் முன்னதாக வரலாம் என்பதை அறிந்தே அந்த முடிவை எடுக்க வேண்டும். அந்த விலை தனக்கு அதிகம் என்று ஒரு பெண் கருதினால், அதுவும் நியாயமே. 'இப்போது கலைத்துவிட்டு நோய் குணமான பிறகு பெற்றுக்கொள்ளலாம்' என்ற கணக்கு மட்டும் தவறு. இந்த நோயில் ஆண்டுகள் கூடக்கூடத் திறன் குறையுமே தவிர அதிகரிக்காது. மருந்துகளை மாற்றி, சிறுநீரில் போகும் புரதத்தைக் குறைத்து, திட்டமிட்டுக் கருவுறுவதில் பலன் உண்டு. அதற்காகச் சில மாதங்கள் காத்திருப்பதும் பொருளுள்ளதுதான். ஆனால் முழு நலத்துக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வராது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 18 வயது நிறைந்த பெண்ணின் எழுத்துப்பூர்வ சம்மதம் ஒன்றே தேவை. கணவரின் கையெழுத்தோ மாமியாரின் கையெழுத்தோ வேண்டியதில்லை. உங்கள் சம்மதமின்றி எந்த மருத்துவரும் கலைக்கவும் முடியாது. எனவே அந்த மருத்துவர் 'உடனே' என்று சொன்னதற்காக இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியதில்லை. சிறுநீரக மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஒருவேளை கலைப்பதென்று முடிவானால், சிறுநீரக மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் செய்யாதீர்கள்.

தொடர்வதென்றால்

பன்னிரண்டாவது வாரத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும். பிரீஎக்லாம்ப்சியா என்ற நிலை, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் அழுத்தம் சீறி உறுப்புகளைத் தாக்கும் நிலை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அதிகமாக வரும். 16ஆம் வாரத்துக்குள் தொடங்கும் ஆஸ்பிரின் அதன் வாய்ப்பைக் குறைக்கிறது. 75 முதல் 150 மி.கி. வரை, உங்கள் மருத்துவர் சொல்லும் அளவில், 36ஆம் வாரம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் இரண்டே வாரம் இருப்பதால்தான் அவசரமாகத் தனிக்கடிதம் எழுதினேன்.

வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 135/85க்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது. 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு முன்பே புரதம் போவதால், பிரீஎக்லாம்ப்சியாவையும் பழைய நோயையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினம். பழைய அளவுகள் தேதியோடு கையில் இருந்தால் அந்தக் குழப்பம் பாதியாகும்.

கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஏழாம் மாதத்துக்குப் பிறகு இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாய்கள் கர்ப்பத்தில் விரிந்து தளர்வதால் கிருமி எளிதில் மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். எரிச்சல் இல்லாவிட்டாலும் அவ்வப்போது சிறுநீரைக் கல்ச்சர் என்ற கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இருபத்தெட்டாவது வாரத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சிக்கான ஸ்கேன் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

பிரசவ இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். சிறுநீரக மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெருந்துறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்து, அங்கே இந்த மூன்றும் எந்த அளவில் கிடைக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மாதம் அம்மா வீட்டில் இருப்பது வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடு மலையடிவாரத்தில் இருக்கிறதென்றால், இந்த முறை வழக்கத்தை மாற்றி மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

கம்பெனியில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு என்கிறீர்கள். தகுதியான நாட்கள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பும், கர்ப்பத்தால் வந்த நோய்க்கோ குறைமாதப் பிரசவத்துக்கோ மேலும் ஒரு மாதமும் உண்டு. மருத்துவச் சான்றுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு வீட்டார் கவனமெல்லாம் தொட்டிலின் பக்கம் போய்விடும். பிரீஎக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் கிரியேட்டினினைப் பார்த்தால்தான் இந்தக் கர்ப்பத்துக்குச் சிறுநீரகம் கொடுத்தது என்ன என்பது தெரியும். சிறுநீரில் போகும் புரதத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் எனலாபிரிலைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம்.

முதல் முறை போகும்போது மூன்றாண்டுக்கு முந்தைய பயாப்சி அறிக்கையையும், இதுவரை எடுத்த எல்லாக் கிரியேட்டினின் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கணவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசாமல் இருப்பதை அக்கறையின்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ன கேட்பதென்று தெரியாமல் அஞ்சி நிற்கும் கணவர்களை என் அறையில் நாள்தோறும் பார்க்கிறேன். மருத்துவர் எதிரில் அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும்.